ஒரு புள்ளிக்கு இரண்டாயிரம் கதிர்

புளியரை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்,
பரோட்டாக் கடை மாடியில்,
இரவு பதினொன்று இருபதுக்கு
ரெண்டர் பொத்தானை அழுத்தினேன்.

அஞ்சலில் இன்னும் கட்டாத வீடு.
தங்கச்சன் சார் மஸ்கட்டில் இருக்கிறார்.
மனையில் இப்போது நிற்பவை
நாலு ரப்பர் மரம், யாரோ கட்டிப்போட்ட பசு.
என் கோப்பில் பால்காய்ச்சி ஆறு மாதம் ஆகிவிட்டது.
வாசலில் இரண்டு ஜோடி செருப்பு.
அதில் ஒன்றைக் கொஞ்சம் திருப்பிப் போட்டிருக்கிறேன்;
எல்லாம் நேராக இருந்தால்
ஆள் இல்லாதது தெரிந்துவிடும்.

முதலில் மணல்தான் வரும்.
சலிக்காமல் வாரி இறைத்தாற்போல்
கறுப்பும் வெளுப்புமாய்ப் புள்ளிகள்.
அதற்குள் எங்கோ ஒரு தூண் நிற்கிறதென்று
நானாக நம்பிக்கொள்ள வேண்டும்.

வெளியே, வெயில் சூரியனில் கிளம்பி
கண்ணுக்கு வந்து சேரும்.
இதற்குள் தலைகீழ்.
கண்ணிலிருந்து கிளம்புகிறது ஒவ்வொரு கதிரும்.
தரையில் முட்டி, சுவரில் முட்டி,
பித்தளை உருளியின் வயிற்றில் வழுக்கி
சூரியன் எங்கே, சூரியன் எங்கே என்று போகிறது.
கண்டுகொண்டால் வெளிச்சம்.
வழி தப்பினால் இருட்டு.
ஒரு புள்ளிக்கு இரண்டாயிரம் பேரை அனுப்புகிறேன்.
ஐந்நூறு போதும் என்பான் ஃபைசல்.
அவன் போடும் நிழலெல்லாம்
மழைக்கு ஊறிய சுவர் மாதிரி இருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே மலை வேண்டும் என்றிருந்தார்.
அவருக்குக் கிழக்கே மலை.
எனக்கு அதே மலை மேற்கே.
ஆரியங்காவு தாண்டிப்போய்ப் படமெடுக்க
பஸ் காசு யார் தருவார்?
மொட்டை மாடியில் நின்று எடுத்தேன்.
இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன்.
பின்னாலிருந்து பார்த்தால் இப்படித்தானே இருக்கும்,
சட்டையை உள்பக்கம் வெளியே போட்டதுபோல.

ஒரு மணிக்கு மேல் லாரிகள்.
தார்ப்பாய் மூடிய எம்-சாண்ட், ஜல்லி, சக்கைக்கல்.
வளைவில் கியர் மாற்றும்போதெல்லாம்
கிளாஸில் ஆறிய டீ நடுங்குகிறது.
ரசீது காட்டுகிறார்கள்.
தடுப்புக் கம்பம் எழுகிறது.
திரையில் நாற்பத்தேழு சதவீதம்.
அந்த வீடு இரண்டு வழியாக எல்லை தாண்டுகிறது:
பன்னிரண்டு சக்கரத்தில் ஒன்று,
என் கணினி விசிறியின் இரைச்சலில் ஒன்று.

கண்ணாடிக் கதவோரம் சில புள்ளிகள்
காரணமில்லாமல் எரிகின்றன.
எங்கள் தொழிலிலும் அதற்கு மின்மினி என்றுதான் பெயர்.
வழிமாறிய ஒரு கதிர் எதிலோ பட்டு
தகுதிக்கு மீறி ஜொலிப்பது.
கடைசியில் வடிகட்டி ஓட்டினால் அணைந்துவிடும்.
கூடவே திரைச்சீலையின் நெசவும்
கொஞ்சம் வழிந்துபோகும்.

மூன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
யூபிஎஸ் பதினைந்து நிமிடம் தாங்கும்.
பதினான்காவது நிமிடத்தில் வந்தது.
அந்தப் பதினான்கு நிமிடமும்
நான் மூச்சைச் சில்லறையாகத்தான் விட்டேன்.

விடியக் காலை அனுப்பினேன்.
பதில் குரலாக வந்தது:
"மோளே, வீடு கொள்ளாம். அந்தச் செருப்பு அடிபொளி.
பட்சே மலையில என்னமோ கடிச்ச மாதிரி இருக்கே?
அது வேண்டா. நிரப்பிரு."

பெரிதாக்கிப் பார்த்தேன்.
சரிவில் வெள்ளையாக ஒரு வெட்டு.
படிக்கட்டு மாதிரி மூன்று தட்டு.
போன தீபாவளிக்கு இரண்டுதான்.
தினமும் துணி காயப்போடும் இடத்திலிருந்து
எடுத்த படம். நான் பார்த்திருக்கவில்லை.

யோசித்தால் அவர் கேட்டதும் சரி.
வெட்டு இந்தப் பக்கத்தில்.
அவர் ஜன்னலில் அது தெரியவே தெரியாது,
மலை இருக்கும்வரைக்கும்.

பக்கத்துச் சரிவிலிருந்து மரங்களை நகலெடுத்து
மூன்று தட்டையும் மூடினேன்.
பட்டுப்போன மரம் ஒன்று இரண்டு தடவை வந்துவிட்டது;
ஒன்றை எடுத்தேன்.
மொத்தம் பதினோரு நிமிடம்.

பில்லில் ஒரு வரி கூடியது.
மலை திருத்தம்: ரூபாய் முந்நூற்றைம்பது.

அம்பதைக் குறைக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறார்.
கீழே, காலி லாரிகள்
திரும்பி வரத் தொடங்கிவிட்டன.